ஆச்சி வெறும் நகைச்சுவை நடிகை அல்ல

ஆசிரியருக்கு,

மனோரமா என்றாலே ‘நகைச்சுவை நடிகை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அது எனக்குப் பொறுக்கவில்லை. 1937ல் மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்து, ‘பள்ளத்தூர் பாப்பா’ என்ற பெயரில் நாடக மேடை ஏறியவர் அவர். 1958ல் ‘மாலையிட்ட மங்கை’ மூலம் சினிமாவுக்கு வந்தார். அப்புறம் ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸிலும் இடம்பிடித்தார். சரி, எண்ணிக்கை இருக்கட்டும். ‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில் ஜில் ரமாமணியை இன்னொரு முறை பாருங்கள், அந்த இழுவைப் பேச்சுக்கும் குலுக்கலுக்கும் பின்னால் நாடகக் கொட்டகையில் பிழைக்கிற ஒரு பெண்ணின் ஏக்கம் கண்ணில் எட்டிப் பார்க்கும், மேடையில் நின்று பழகியவருக்குத்தான் அது வரும். அதே 1968ல் ‘வா வாத்தியாரே வூட்டாண்ட’ என்று அசல் மெட்ராஸ்காரியாகவே பாடினாரே, செட்டிநாட்டில் வளர்ந்தவர் என்று யாராவது சொல்ல முடியுமா? ‘சின்ன கவுண்டர்’ படத்தில் கொங்குத் தாயாகவே மாறிப்போனார். ‘புதிய பாதை’க்காகத் தேசிய விருது, 2002ல் பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. அடுத்த முறை ஆச்சியைப் பற்றி எழுதும்போது, அவருடைய நாடக வருடங்களுக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்