காது பொய் சொல்லக் கூடாது, அத்தான்

அன்புள்ள அத்தான்,

ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. பதினோரு நிமிஷம். இவ்வளவு நாள் பதில் போடவில்லை என்று கோபம் வேண்டாம். 2025 ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள், குறுவை வேலை பிடித்துக்கொண்டது. அறுத்து, காயவைத்து, நெல்லைப் போட்டு முடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. இப்போது சம்பா நட்டாயிற்று. கார்த்திகை பிறந்து வெளியே விடாமல் தூறுகிறது. "எழுதுவதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதச் சொல். என் பெயர் மட்டும் வேண்டாம், கண் தெரியாதவன் என்று தாராளமாகப் போடட்டும்" என்று அக்காவிடம் சொல்லியனுப்பினீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

மெசேஜ் முழுக்க நீங்கள் சொன்னது ஒரே விஷயம்தான். ‘டேர்டெவில்: பார்ன் அகைன்’ என்ற மார்வெல் தொடரின் முதல் எபிசோடிலேயே ஃபாகியைக் கொன்றுவிட்டார்கள். பகலில் வக்கீல், ராத்திரியில் முகமூடி போட்ட டேர்டெவில் என்று வாழ்கிற கண் தெரியாத ஹீரோ மேட் மர்டாக்கின் உயிர் நண்பன் அவன். அவன் இல்லாத ஊரில் மேட் மர்டாக்குக்கு என்ன வேலை? ஃபாகியை உயிரோடு கொண்டுவந்தால் அடுத்த சீசன் கேட்பேன், இல்லாவிட்டால் இதோடு சரி.

நீங்கள் தனி ஆள் இல்லை. இங்கே நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்புக்கு வந்து வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மாதிரி ரசிகர்களும் பிரிந்து கிடக்கிறார்கள். ஃபாகியோடு கதையும் போயிற்று என்பவர்கள் உங்கள் பக்கம். பழைய இருட்டும் அடிதடியும் திரும்பி வந்ததே போதும் என்று கொண்டாடுகிறவர்கள் ஒரு பக்கம். முதலும் கடைசியும் பிரமாதம், நடுவில் தொய்ந்துவிட்டது என்பவர்கள் இன்னொரு பக்கம். நான் அந்த மூன்றாவது பக்கத்து ஆள். ஆனாலும் உங்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நீங்கள் கேட்கிற விஷயம் நடந்தால் இந்தத் தொடர் அத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அந்த முதல் எபிசோடை நம் வீட்டுக் கூடத்தில் எப்படிப் பார்த்தோம் என்று நினைத்துப் பாருங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜோசியின் பார், மேட், ஃபாகி, தோழி காரன் மூன்று பேரும் சிரிக்கிறார்கள், வில்லன் புல்ஸ்ஐ வருகிறான், ஃபாகி சுடப்படுகிறான், மேட் மொட்டை மாடியில் சண்டை போடுகிறான். அங்கே நீங்கள் சட்டென்று என் கையைப் பிடித்து, "பேசாதே" என்றீர்கள். எனக்கு விளங்கவில்லை. கீழே தெருவில் கிடக்கிற ஃபாகியின் இதயத் துடிப்பு உங்களுக்கு முதலில் கேட்டுவிட்டது. மேடுக்கும் அது கேட்கிறது. சண்டைக்கு நடுவே துடிப்பு தளர்ந்து, தளர்ந்து, நின்றுவிட்டது. நான் கண்ணை வைத்துக்கொண்டு புல்ஸ்ஐயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாகி செத்துவிட்டான் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

அத்தான், மேட் மர்டாக்கிடம் இருக்கிற பெரிய பலம் காதுதான். சின்ன வயதில் விபத்தில் ரசாயனம் பட்டுக் கண் போனவன். பறக்கத் தெரியாது, இரும்பு உடம்பு கிடையாது, குத்தினால் ரத்தம் வரும். ஒருவன் உண்மை சொல்கிறானா பொய் சொல்கிறானா என்பதைக்கூட நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறான். 1964-ல் ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் முதல் காமிக்ஸை வெளியிட்ட நாளிலிருந்து இவன் கதை நிற்பது அந்தக் காதின் மேல்தான். அந்தக் காது கேட்ட சாவைப் பொய் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதை வைத்து அவனை நம்புவது? நீதிமன்றத்தில் ஒருவன் நிரபராதி என்று அவன் சொன்னால், அன்றைக்கு ஃபாகி விஷயத்தில் ஏமாந்த காதுதானே இதுவும் என்று கேட்கத் தோன்றாதா?

காமிக்ஸில் ஒருமுறை ஃபாகி செத்ததாகக் காட்டி, பிறகு சாட்சிப் பாதுகாப்பில் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று வந்ததும், அதை வைத்துத்தான் பலர் நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கும் ஃபாகி வேண்டும். எல்டன் ஹென்சன் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த வெகுளித்தனம் வேறு யாருக்கும் வராது. பழைய நினைவாக வரட்டும், மேட் தனியாக உட்கார்ந்திருக்கும்போது மனசுக்குள் பேசட்டும், நான் சந்தோஷமாகப் பார்ப்பேன். ஆனால் நின்ற துடிப்பு நின்றதாகவே இருக்க வேண்டும்.

சரி, இந்த சீசனின் உண்மையான குறைக்கு வருகிறேன். முதலில் இதைப் பதினெட்டு எபிசோடுகளாக அறிவித்தார்கள். 2023-ல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்து படப்பிடிப்பு நின்றது. அந்த இடைவெளியில், எடுத்த வரைக்கும் போட்டுப் பார்த்த மார்வெல்காரர்களுக்கே திருப்தியில்லை. தலைமை எழுத்தாளர்களை மாற்றிவிட்டு, ‘பனிஷர்’ தொடரில் வேலை பார்த்த டேரியோ ஸ்கார்டபேனைக் கொண்டுவந்தார்கள். முதலில் எடுத்த கதையில் ஃபாகியும் கிடையாது, காரனும் கிடையாது. புது ஆட்கள் வந்த பிறகுதான் அவர்கள் இருவரையும் சேர்த்து முதல் எபிசோடையும், கடைசி இரண்டையும் புதிதாக எடுத்தார்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் பழைய படப்பிடிப்பு. மொத்தம் ஒன்பது.

குறுவை நாற்றையும் சம்பா நாற்றையும் ஒரே வயலில் கலந்து நட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும், மற்றது பச்சையாகப் பால் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் நல்ல விதைதான், ஆனால் எந்த நாளில் அறுப்பது? நடு எபிசோடுகளில் மேட் துக்கத்தில் இருக்கிறானா, துக்கம் ஆறிவிட்டானா என்றே பிடிபடாமல் போனது அதனால்தான். மியூஸ் என்ற கொலைகாரன் கதையை அவ்வளவு பயங்கரமாக ஆரம்பித்துவிட்டு ஏழாவது எபிசோடில் அவசரமாக முடித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவன் ஒருவனை வைத்தே ஒரு சீசன் ஓட்டியிருக்கலாம்.

ஆனால் அந்தப் பழைய படப்பிடிப்பில்தான் மூன்றாவது எபிசோடும் இருக்கிறது. ஹெக்டர் அயாலா வழக்கு. சுரங்க ரயில் நிலையத்தில் ஒருவனைக் காப்பாற்றப் போய், போலீஸ்காரனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மனிதர். ராத்திரியில் முகமூடி போட்டு வெள்ளைப் புலியாகச் சுற்றுகிறவர். அவரை விடுவிக்க அந்த ரகசியத்தை மேட் நீதிமன்றத்தில் போட்டு உடைக்கிறான். வழக்கு ஜெயிக்கிறது, மனிதர் வெளியே வருகிறார், தெருவில் சுட்டுக் கொல்கிறார்கள். சண்டை என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். ஆனால் இந்த சீசனில் என்னைத் தூங்கவிடாத எபிசோடு அதுதான். நடித்த கமார் டி லாஸ் ரேயஸ், இது ஒளிபரப்பாவதற்கு முன்பே, 2023 டிசம்பரில் இறந்துபோனார்.

சிறைக்குள் ஹெக்டர் தன் ஊர் போர்ட்டோ ரிக்கோவின் தவளைகளைப் பற்றிச் சொல்வாரே, ‘கோக்கி’ என்று கத்துகிற பொடித் தவளைகள். அவர் செத்த பிறகு எழுத்து ஓடும்போது அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். டிவியை அணைக்கப் போனேன், "இரு" என்றீர்கள். கடைசி எழுத்து வரைக்கும் கேட்டீர்கள். அப்போது மாசிக் கடைசி, வயலெல்லாம் காய்ந்து உளுந்து பூத்திருந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. "இதை ஐப்பசியில் கேட்டிருக்க வேண்டும்டா, நம்மூர்த் தவளையும் பதில் சொல்லியிருக்கும்" என்றீர்கள். இந்தத் தொடரைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதியதைப் படித்துவிட்டேன், இப்படி ஒரு வரி யாரும் எழுதவில்லை.

ஐந்தாவது எபிசோடு, வங்கிக் கொள்ளை, தேவையில்லாத இடைச்செருகல் என்று நிறையப் பேர் தள்ளிவிட்டார்கள். வங்கியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து குரலை வைத்தே ஆளைச் சொல்கிற உங்களுக்கு அது பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. மேட் கடன் கேட்டுப் போகிறான், கிடைக்கவில்லை, திரும்பும்போது கொள்ளையர்கள் வருகிறார்கள். டேர்டெவில் உடை இல்லாமல், தடியோடு வந்த வாடிக்கையாளனாகவே நின்று எல்லாரையும் மீட்கிறான். கடன் தர மறுக்கிற அதிகாரி யூசுஃப் கான், ‘மிஸ் மார்வெல்’ தொடரின் நாயகி கமலா கானின் அப்பா. நம்ம மும்பை நடிகர் மோகன் கபூர். அந்தக் குரலை முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இதையெல்லாம் ஏன் எடுத்துச் சொல்கிறேன் என்றால், "நாம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, விட்டுவிடுவதுதான் மரியாதை" என்று அந்த மெசேஜின் கடைசியில் சொன்னீர்கள். அது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தத் தொடர் விஷயத்தில் ரசிகர்கள் பேச்சு எடுபட்டிருக்கிறது, அத்தான். 2015 ஏப்ரல் 10-ல் நெட்ஃபிளிக்ஸில் பழைய டேர்டெவில் வந்தபோது, கண் தெரியாத ஹீரோவின் கதையைக் கண் தெரியாதவர்கள் பின்தொடர வழியில்லாமல் இருந்தது. காட்சியை விவரிக்கிற குரல் கிடையாது. அமெரிக்காவில் பார்வையற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். நாலே நாளில், அந்த மாதம் 14-ம் தேதி, விவரிப்புக் குரல் தரப்போவதாகவும் அதை டேர்டெவிலிலிருந்தே தொடங்குவதாகவும் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் நெட்ஃபிளிக்ஸ் நம் நாட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காமல் முழு சீசனையும் நீங்களே கேட்டு முடித்தீர்கள். உங்களைப் போன்றவர்கள் எங்கேயோ கேட்ட கேள்வியால் வந்த குரல் அது.

2018 நவம்பரில் மூன்று சீசனோடு நிறுத்தியபோதும் ரசிகர்கள் விடவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், வருஷக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2021 டிசம்பரில் ஸ்பைடர்மேன் படத்தில், மேட் மர்டாக்காக நடிக்கிற சார்லி காக்ஸ் ஜன்னல் வழியே வந்த செங்கலைப் பார்க்காமலே பிடித்தபோது தஞ்சாவூர் தியேட்டரில் எழுந்த கத்தல் ஞாபகம் இருக்கிறதா? என்னடா என்னடா என்று என் தோளை உலுக்கினீர்கள். நான் சொல்வதற்குள் அவன் குரல் கேட்டுவிட்டது, உங்கள் முகம் மாறிவிட்டது.

அதனால் விட்டுவிட வேண்டாம், கேட்போம். ஆனால் சரியானதைக் கேட்போம்.

அடுத்த சீசன் 2026 மார்ச்சில், எட்டு எபிசோடு. மூன்றாவது சீசனும் உறுதி என்று சொல்லிவிட்டார்கள். கதை நின்ற இடம் உங்களுக்குத் தெரியும். மேயராகிவிட்ட வில்லன் ஃபிஸ்க் நகரத்தையே ராணுவக் கட்டுப்பாடு மாதிரி பூட்டிவிட்டான், முகமூடி போட்டவனெல்லாம் குற்றவாளி. காரன் திரும்பி வந்துவிட்டாள். மேட் ஜோசியின் பாரில் ஆள் சேர்க்கிறான். பழைய நெட்ஃபிளிக்ஸ் மார்வெல் தொடர்களில் ஒன்றின் நாயகி ஜெசிகா ஜோன்ஸாக கிறிஸ்டன் ரிட்டர் வரப்போகிறார். உடனே, அதே வரிசை ஹீரோக்களான லூக் கேஜ் வேண்டும், அயர்ன் ஃபிஸ்ட் வேண்டும், எல்லாரையும் ஒரே ஃபிரேமில் நிறுத்துங்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு இதில்தான் பயம். நம் ஊர் எல்லையில் ஐயனார் மண் குதிரைகளோடு உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி குதிரையேறி ஊர் எல்லையைச் சுற்றி வருவார் என்று அப்பாயி சொல்லும். பக்கத்து ஊர்க் காவல் பக்கத்து ஊர் ஐயனாருக்கு. அந்த எல்லைக்குள் எந்த வீட்டுப் பிள்ளை அழுதாலும் அவருக்குக் கேட்கும் என்பதுதான் நம்பிக்கை. மேட் மர்டாக்கும் அப்படித்தான். ஹெல்ஸ் கிச்சன் என்ற நாலு தெருவுக்குக் காவல். உலகத்தைக் காப்பாற்ற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஜெசிகா வரட்டும், அவரும் அந்தத் தெருக்களில் நடந்தவர்தான். ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் இடம் விட்டு, அந்தத் தெரு ஜனங்களின் குரல் கேட்காமல் போய்விடக் கூடாது. இந்த சீசனில் அந்தக் குரல் கொஞ்சம் கேட்டதே பிபி யூரிக் மைக்கை நீட்டிய இடங்களில்தான். ஃபிஸ்க் கொன்ற பத்திரிகையாளர் பென் யூரிக்கின் சொந்தக்காரப் பெண் அவள். அவளுக்கு இன்னும் நிறைய வேலை கொடுக்க வேண்டும். நீதிமன்றக் காட்சிகள் வேண்டும். ஹெக்டரைப் போல ஒரு சாதாரண ஆளின் வழக்கு, சீசன் முழுக்க ஓட வேண்டும். ஃபிஸ்காக நடிக்கிற வின்சென்ட் டி’ஒனோஃப்ரியோ வாயைத் திறக்காமல் மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பீர்களே, அந்த மாதிரி அமைதியான காட்சிகள் வேண்டும்.

இதைத்தான் நான் எல்லா இடத்திலும் எழுதப்போகிறேன். நீங்களும் உங்கள் குரலிலேயே சொல்லுங்கள்.

மார்ச்சுக்குள் சம்பா அறுப்பு முடிந்திருக்கும். கும்பகோணத்திலிருந்து அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கூடத்தில் பாய் போட்டு வைக்கிறேன். துடிப்பு கேட்கிற இடத்தில் இந்தத் தடவை நானே பேச்சை நிறுத்திவிடுவேன்.

தூறல் இப்போதுதான் விட்டிருக்கிறது. கொல்லைப்பக்க வயலில் தவளைகள் ஆரம்பித்துவிட்டன. போனை ஜன்னலில் வைத்து மூன்று நிமிஷம் பதிவு செய்திருக்கிறேன், இதோடு அனுப்புகிறேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

உங்கள் மச்சினன்
நீடாமங்கலம்