ஹெர்மன் நோட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண்ணைத் தை கழிந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக் குறி வந்துவிட்டதா என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனாம், அம்மா ஏசுகிறாள். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபாலில் நீலக் குறி கிடையாது.

பிள்ளையைத் தூக்கும்போது கழுத்துக்கு அடியில் கை கொடு. இன்றோடு 70 நாள். தலை நிற்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அங்கே பனி கொட்டுவதாகச் செய்தியில் காட்டினான். காதை மூடித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். நீயும் காதை மூடு. சின்னதிலிருந்தே நீ காதை மூடமாட்டாய்.

அரைஞாண் கொடி வந்து சேர்ந்ததற்குப் பதில் போட்டிருந்தாய். "கிடைத்தது, நன்றி அப்பா." நம் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்? அம்மா தோசை சுட்டுப் போட்டால் நன்றி என்றா சொன்னாய்? அது மாப்பிள்ளை ஊர்ப் பழக்கம் என்று அம்மா சமாதானம் சொன்னாள். சரி என்று விட்டுவிட்டேன். விடவில்லை. இருக்கட்டும்.

பிள்ளைக்கு நீங்கள் வைத்த ஹெர்மன் என்ற பெயரைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். என்னிடம் இப்போது ஹெர்மன் நோட்டு என்று ஒன்று இருக்கிறது. பீரோவில் கிடந்த பழைய பிராக்டிகல் நோட்டு, பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதிக்கொண்டு வருகிறேன். அம்மாவுக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு ஹெர்மன் என்றால் இன்னமும் அந்த மாவுப் பாத்திரம்தான். மூன்று வருஷம் முந்தி நீ போனில் "ஹெர்மனுக்குப் பால் ஊற்றணும்மா" என்றாயே, பூனை வளர்க்கிறாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! உன் மாமியார் கொடுத்த புளித்த மாவு, பாலும் சீனியும் மாவும் போட்டு வளர்த்து, கேக் சுட்டதுபோக மிச்சத்தைப் பங்கு வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. "உறைமோர் வாங்குகிற மாதிரிதானே" என்றாள். எதிர்வீட்டு மதினிக்கு வாயில் 'ஹ' வரவில்லை, "எருமனா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அது ஒரு முன்னேற்றம் என்று வைத்துக்கொள்.

நோட்டு தொடங்கியது கண் ஆஸ்பத்திரியில்தான். டாக்டர் ஒரு கருவியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உயிரோடு இருக்கிற மனிதனின் விழித்திரையைப் பார்க்க அப்படி ஒரு கருவியை 1851-இல் உலகத்துக்குக் காட்டியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஆற்றல் அழிவின்மை விதியில் வருகிற அதே ஆள்தான். அவர் பெயரைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! முழுப் பெயர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பாடப்புத்தகத்தில் கடைசிப் பெயரை மட்டும் போட்டுவிடுகிறார்கள், அதனால் ஹெர்மன் கண்ணில் படவே இல்லை. மின்கோவ்ஸ்கியும் ஹெர்மன்தான். இடமும் காலமும் தனித்தனி இல்லை, இரண்டும் சேர்ந்தே ஒன்று என்று 1908-இல் கொலோன் நகரத்தில் பேசியவர். சூரிச்சில் ஐன்ஸ்டீனுக்குக் கணக்கு வாத்தியார். பேசி நாலு மாதம்கூட ஆகவில்லை, குடல்வால் வீங்கி 44 வயதில் போய்விட்டார். உனக்குப் பத்தாம் வகுப்பில் அதே ஆபரேஷன் நடந்தது நினைவிருக்கிறதா? வயிறு வலித்தால் இப்போதும் தள்ளிப்போடாதே.

எனக்குப் பிடித்த ஹெர்மன் கிராஸ்மன். ஸ்டெட்டின் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். 1844-இல் ஒரு கணக்குப் புத்தகம் போட்டார். வெக்டார் என்று நாம் இன்று படிப்பதற்கெல்லாம் வித்து அதில் இருக்கிறது. வாங்க ஆளில்லை, மிஞ்சிய பிரதிகள் பழைய பேப்பராகப் போயின. பல்கலைக்கழக வேலைக்கு ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை. மனுஷன் வெறுத்துப்போய்ச் சமஸ்கிருதம் பக்கம் திரும்பி, ரிக் வேதத்துக்கு ஓர் அகராதி எழுதினார். அதை இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். பதினொரு பிள்ளைகள் வேறு. வாத்தியார் வேலையும் பார்த்து, பிள்ளைகளையும் கூடவே வைத்துக்கொண்டு. எனக்கு இரண்டே பேர்.

பெயரின் பொருளையும் பார்த்துவிட்டேன். முன்பாதிக்குப் படை, பின்பாதிக்கு ஆள். படையாள். டெட்மோல்ட் பக்கம் ஒரு மலைமேல் ஹெர்மனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், 1875-இல் திறந்தது. ஓங்கிய கையில் இருக்கிற வாள் மட்டும் 7 மீட்டர். கி.பி. 9-இல் ரோமாபுரியின் மூன்று பெரிய படைகளைக் காட்டுக்குள் இழுத்து அழித்தவன். அவனுடைய பெயர் அர்மினியஸ். ஹெர்மன் என்பது ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து ஜெர்மன்காரர்கள் பிரியப்பட்டு வைத்துக்கொண்டது. படத்தைப் பார்த்ததும் எனக்கு நம் சுடலைமாடன்தான் ஞாபகம் வந்தான். வல்லயத்தோடு ஊருக்கு வெளியே நிற்கிறானே, அதே நிற்பு. தாத்தாவுக்குச் சுடலைமுத்து என்று பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, மாப்பிள்ளை வீட்டிலும் அதையே நினைத்துத்தான் வைத்திருப்பார்கள் போல. இரண்டுமே காவல்காரன் பெயர்.

அப்படியே சுடலைமுத்து என்று வைத்திருந்தாலும் அந்த ஊர் ஆபீசில் எழுதி வாங்குவதற்குள் விடிந்திருக்கும். அது எனக்கும் தெரியும். இரண்டாவது பெயராகச் சேர்க்கலாமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அம்மாதான் கேட்கச் சொன்னாள்.

அந்த ராத்திரி நான் அனுப்பியதை நீ அழித்திருப்பாய். என் போனில் அப்படியே இருக்கிறது. பிள்ளை கையில் கட்டியிருந்த பட்டையில் பெயர் தெரிகிறமாதிரி படம் அனுப்பியிருந்தாய். பிறந்து ஒருநாள்கூட ஆகாத கை. அதற்குக் கீழே "உங்களுக்கு ஒரு நாஜிக்காரன் பேர்தான் கிடைத்ததா" என்று எழுதினேன். ஹிட்லரின் வலதுகையாக இருந்த ஹெர்மன் கோரிங்கை மனதில் வைத்துத்தான். எழுதும்போது அறிவாளி மாதிரி இருந்தது. அந்தக் கோரிங் நியூரம்பர்க் சிறையில் தூக்குக்கு முந்தின ராத்திரி விஷம் தின்று செத்தது 1946 அக்டோபரில். அதே 1946-இல்தான் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேவுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு ஹெர்மன். எனக்கு மட்டும் முதல் ஆள்தான் ஞாபகம் வந்திருக்கிறான், இத்தனைக்கும் காள்வ் ஊரில் பாலத்துமேல் ஹெஸ்ஸே சிலைக்குப் பக்கத்தில் நின்று நீ எடுத்த படம் நம் ஹாலில் மாட்டியிருக்கிறது.

மாப்பிள்ளையும் அதைப் படித்திருப்பாரா? மொழிபெயர்த்துக் கேட்டிருப்பார். அவருடைய தாத்தா பெயர் என்று அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு நான் இடம் கொடுத்திருந்தால்தானே.

ஹெஸ்ஸேவுக்கும் தாத்தா பெயர்தான். அம்மாவைப் பெற்றவர், ஹெர்மன் குண்டர்ட். தலச்சேரியில் பல வருஷம் இருந்து மலையாளத்துக்கு அகராதி எழுதினாரே, அவர். 1872-இல் அச்சானது. அவர் மலையாளம் படிப்பதற்கு முன்னால் தமிழ் படித்திருக்கிறார், அது தெரியுமா உனக்கு? 1836-இல் சென்னையில் வந்து இறங்கி, சித்தூரில் கல்யாணம் முடித்து, 1838-இல் பெண்டாட்டியோடு நம் திருநெல்வேலிக்கு வந்துவிட்டுத்தான் மங்களூர் போயிருக்கிறார். நம் ஊர்த் தண்ணீரைக் குடித்தவரின் பெயரைத்தான் நாஜிக்காரன் பெயர் என்று நான் எழுதினேன்.

தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதான் பேரன் ஆனது என்று நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சொல்லியிருக்கிறேன். நமக்கு மட்டும்தான் அந்த வழக்கம் என்று பெருமையாகச் சொன்னேன். ஹெஸ்ஸேவும் அப்படி ஒரு பெயரன். உன் பிள்ளையும்தான். என் பக்கத்துப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

பதினாலு வயதில் ஹெஸ்ஸே மௌல்பிரான் மடத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய், ஒரு ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்திருக்கிறார். தாத்தா ஏசுவார் என்று பயந்துகொண்டே போய் நின்றால், மேதைகள் போகிற சின்னப் பயணம் ஒன்று போய்வந்தாயாமே என்று கிழவர் சிரித்துக்கொண்டு கேட்டாராம். அப்பாவோடுதான் தகராறு எல்லாம். அதே வருஷம், 1892-இல், பையனை ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அப்பா என்று கூப்பிடவில்லை, மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கியிருக்கிறார். அதைப் படித்தபோது உன் "நன்றி" ஞாபகம் வந்தது. குறை சொல்லவில்லை. ஞாபகம் வந்தது.

தாத்தாவாகவாவது ஒழுங்காக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே அப்படி ஆகிவிட்டது.

ஹெஸ்ஸேவின் அம்மா மரீ, குண்டர்ட்டின் மகள். 1842-இல் தலச்சேரியில் பிறந்தவள். நாலு வயதில் அவளை ஐரோப்பாவில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். மிஷன்காரர்களுக்கு அப்போது அதுதான் வழக்கமாம். அவள் மறுபடி இங்கே வந்தது 1857-இல். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பதினைந்து வயது. அந்த இடத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

உனக்கும் நாலு வயதுதான். 1993 ஜூன். மஸ்கட்டில் வாத்தியார் வேலை, வீடு சின்னது, அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. உன்னை ஆச்சியிடம் விட்டோம். ஆச்சிக்குத் துணை என்று எல்லாரிடமும் சொன்னேன். நாலு வயதுப் பிள்ளை யாருக்குத் துணை? ஒரு வருஷம் என்று சொன்னது ஆறு வருஷம் ஆனது.

நாங்கள் கிளம்பும்போது நீ ஆச்சி இடுப்பில் இருந்துகொண்டு சிரித்து டாட்டா காட்டினாய், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அவ்வளவு தைரியம் என்று கல்யாண வீட்டில் எல்லாம் சொல்லுவேனே. மாப்பிள்ளையிடமும் சொன்னேன். அது நடக்கவே இல்லை. நீ அழுவாய் என்று ராத்திரி நீ தூங்கினபிறகு கிளம்பினோம். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கினாய். விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். காலையில் எழுந்து வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகத் தேடினாய் என்று ஆச்சி கடிதத்தில் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் அம்மாவுக்குக் காட்டவில்லை. இன்றுவரை காட்டவில்லை. இப்போது நீ படிக்கிறதுதான் முதல் தடவை.

டாட்டா கதையை எப்போது சொல்லத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. எப்பிங்ஹவுஸ் என்று ஒரு ஹெர்மன். மனிதன் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறான் என்று தன்னையே வைத்து அளந்து 1885-இல் எழுதினார். ஒரு மணி நேரத்தில் பாதிக்குமேல் போய்விடுமாம். ஆனால் அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமில்லாத அசைகளை. பொத்தானைப் பிடித்த விரலை அவர் அளக்கவில்லை.

நீ வேலைக்கு எப்போது திரும்புகிறாய், பிள்ளையை எங்கே விடுவாய் என்றெல்லாம் கேட்க நினைத்தேன். கேட்கமாட்டேன். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. இலவச ஆலோசனை மட்டும்: கழுத்துக்கு அடியில் கை, காதுக்குக் குல்லாய், நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மாப்பிள்ளையின் தாத்தா என்ன வேலை பார்த்தார்? எந்த ஊர்? நோட்டில் ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். முடிந்தபோது எழுது. மாப்பிள்ளை ஜெர்மனில் எழுதினாலும் சரி, போனில் காட்டி மொழிபெயர்த்துக்கொள்வேன்.

அரைஞாண் கொடி பெரிதாக இருந்தால் கொக்கியை ஒரு கண்ணி தள்ளி மாட்டு. இறுக்கிவிடாதே, ஒரு விரல் நுழைகிற அளவு இருக்கட்டும். மாட்டினபிறகு ஹெர்மனை ஒரு படம் எடுத்து அனுப்பு. கீழே எதுவும் எழுத வேண்டாம்.

அப்பா
பாளையங்கோட்டை