அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தம்பி

அன்புள்ள தம்பி,

அப்பாவின் திவசத்துக்கு நீ வெள்ளவத்தைக்கு வருவதற்கு முன், நீ வேப் என்ற மின்சிகரெட் இழுப்பதை அம்மாவிடம் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். நேற்றிரவு சொல்லியும் விட்டேன். உன்னைக் கேளாமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் நீ மறித்திருப்பாய், நானும் உன் முகத்தைப் பார்த்து இன்னொரு வருடம் வாய்மூடி இருந்திருப்பேன்.

மரைன் டிரைவில் ரயில் பாதைக்கு அப்பால் கற்களில் அமர்ந்திருந்தபோது, நீ அந்த வேப்பை இழுத்து, மாம்பழம் மணக்கும் ஆவியைக் கடற்காற்றில் விட்டபடி, "இதில அப்பாட மணம் இல்லையக்கா" என்றாய். தோய்த்த பின்னும் அப்பாவின் சட்டையை விட்டுப் போகாத சிகரெட் நாற்றத்தை வெறுத்து வளர்ந்த பிள்ளை நீ. அந்த நாற்றம் இல்லாததாலேயே இதை நம்பிவிட்டாய். சிநேகிதர்கள் கைமாற்றித் தந்ததும், பரீட்சைக் காலத்துப் பதற்றமும் பிறகு வந்த காரணங்கள்தான்.

புகையிலை எரியாததால் இதில் தார் இல்லை என்று நீ வாதாடியது சரியே. ஆனால் சிகரெட்டை விட முயல்பவருக்குப் பொருந்தும் அந்த ஒப்பீடு, சிகரெட்டைத் தொட்டே இராத உனக்கு எப்படிப் பொருந்தும்? சிகரெட்டின் முதல் இழுப்புத் தொண்டையை எரித்து எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிவிடும். வேப்களுள் பலவற்றிலோ நிக்கோட்டினுடன் பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து அந்த எரிச்சலைத் தணித்துவிடுவதால், கூடுதலான நிக்கோட்டின் இருமலே இல்லாமல் உள்ளே போகிறது. ஏறத்தாழ 25 வயதுவரை வளரும் மூளை அதற்கு விரைவில் அடிமையாகிறது. இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்கக்கூடாது என்கிறது; உனக்கு இதை முதலில் தந்தவர் யாரென்று நம் இருவருக்கும் தெரியும், உறவினர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் அதற்குமேல் எழுதவில்லை.

நான் ஏன் தொடவில்லை என்று அன்று கேட்டாய். உன்னைச் சின்னப்பிள்ளையென்று வீட்டில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாட்டில் இரவிரவாக அப்பாவின் அருகில் இருக்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஒட்சிசன் முகமூடிக்குள் அவர் மூச்சுக்குப் பட்ட பாட்டை நான் கேட்டேன், உனக்கு மிஞ்சியது அந்த மணம் மட்டும். அதற்காக உன்மேல் எனக்கு இரக்கமும் உண்டு, கோபமும் உண்டு. நான் அப்படியொன்றைக் கையில் வைத்திருந்தால் நம் தெருவே என்னைப் பற்றிப் பேசியிருக்கும்; உனக்கோ எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் காத்திருக்கிறது.

விட விரும்பினால் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். தனியே பேசக் கூச்சமென்றால் நானும் கூட இருக்கிறேன். அம்மா ஏசவில்லை, எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டார். என்மேல் கோபமென்றால் என்னிடமே காட்டு, திவசத்துக்கு வராமல் இருந்துவிடாதே.

உன் அக்கா