ஈயக் குப்பிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், அறுவடை முடிந்த கோதுமை வயலொன்றில் என் மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுத்த குப்பியைப் பற்றிப் பலர் விசாரித்தீர்கள். எல்லோரும் என்னையே பாராட்டுகிறீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலருக்குச் சேர வேண்டும்.

முதலில் நிலத்துக்காரர். அவர் அனுமதி இல்லாமல் இங்கே யாரும் கருவியோடு வயலில் இறங்கக் கூடாது. முன்பின் அறியாத என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அடுத்த விதைப்பு வரை, கோதுமையின் அடித்தாள் மட்டும் நின்ற அந்த நிலம் முழுவதிலும் தேடிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்து எங்கள் குழுவின் மூத்தவர். ஒரு சாண் ஆழத்தில் மண் அப்பிய சாம்பல் நிறத் துண்டு கிடைத்ததும் கட்டைவிரலால் தேய்க்கப் போனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தேய்க்காதே. முதலில் இடத்தைக் குறித்துக்கொள்." ஜிபிஎஸ் காட்டிய எண்களை ஒன்றுவிடாமல் எழுதவைத்தார். ஐயா, நீங்கள் அன்று பிடிக்காமல் விட்டிருந்தால் அதன்மேல் இருந்த எழுத்தை நானே அழித்திருப்பேன்.

தொல்பொருள் பதிவு அலுவலருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ இருந்தால் 14 நாட்களுக்குள் கொரோனர் என்ற, புதையல்களை விசாரிக்கும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வெறும் ஈயத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விலைபோகாத அந்தத் துண்டுக்காக அவர் ஒரு பிற்பகல் முழுவதையும் ஒதுக்கினார். ஒரு பக்கம் விசிறிபோல் விரிந்த சிப்பி, மறுபக்கம் கிரீடம் சூடிய 'டபிள்யூ' எழுத்து. இதே நார்ஃபோக்கில், வால்சிங்கம் என்ற ஊரில் இருந்த மாதா கோயிலுக்குப் போன யாத்திரிகர் ஒருவர் புனித நீர் நிரப்பி, வாயை நசுக்கி மூடி, கயிற்றில் கோத்துக் கொண்டுவந்த குப்பியாக இருக்கலாம் என்றார். 1538இல் அந்தக் கோயில் அழிக்கப்பட்டது.

பிறகு குப்பியின் வாயைக் காட்டினார். அது கிழிந்து திறந்திருந்தது. உழவு நிலங்களில் இப்படித் திறந்த குப்பிகள் பல கிடைத்திருக்கின்றனவாம். விளைச்சல் வேண்டி நீரை வயலிலேயே தெளித்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதுவரை யாரோ தவறவிட்ட பொருள் என்றுதான் எண்ணியிருந்தேன்.

அன்றிரவு ஊரில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நம் பூஜையறையில் இருக்கும் காசிச் சொம்பு மாதிரிதானே? அதற்கும் வாயை அடைத்துத்தானே கொடுப்பார்கள்" என்றார். அந்தச் சொம்பு என் நினைவில் வரவே இல்லை. நன்றி அம்மா.

வாரந்தோறும் விடியலில் தன் காரில் என்னை வயல்வரை கொண்டுவிட்ட நண்பனுக்கும், குழிகளை என்னோடு மூடிய குழுவினருக்கும் நன்றி.

குப்பியில் பாதிப் பங்கு நிலத்துக்காரருடையது. போன வாரம் குப்பியை அவர் கையில் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடலாம் என்றார். எந்த வயலில் கிடைத்தது என்பதை மட்டும் பக்கத்தில் எழுதிவைக்கச் சொன்னார். அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
நார்ஃபோக்கிலிருந்து உங்கள் நண்பன்