குடலுக்குள் இருக்கும் காவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் நலம் என்றாலே டர்பன் தமிழர்களாகிய நம்மில் பலர் தயிரையும் மாத்திரைகளையும் மட்டுமே நினைக்கிறோம். 1888இல் உடலியல் அறிஞர் ஜோசப் பானத் விவரித்த, சிறுகுடற் குழிகளின் அடியில் உள்ள பானத் உயிரணுக்கள், கிருமிகளை அழிக்கும் டிஃபென்சின், லைசோசைம் ஆகிய புரதங்களைச் சுரப்பதோடு, உட்சுவரைச் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கும் அண்டைக் குருத்தணுக்களையும் பேணுகின்றன என்பது வியப்புக்குரியது. கிண்ண வடிவ உயிரணுக்கள் சுரக்கும் சளிப்படலமோ, பெருங்குடலில் நுண்ணுயிர்கள் சுவரை நெருங்காமல் தடுக்கிறது. நார்ச்சத்தற்ற உணவுண்ட சுண்டெலிகளில் நுண்ணுயிர்கள் இப்படலத்தையே அரித்துத் தின்றதாக 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதருக்கும் அவ்வாறே நிகழும் என்று இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது; ஆயினும், வெள்ளை ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌவை அன்றாட உணவாக்கிக்கொண்ட நம் இளைஞர்கள், பாட்டிமார் சமைத்த, நார்ச்சத்துள்ள பீன்ஸ் கறியையும் முருங்கைக்கீரையையும் மீண்டும் உண்ண வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். இது குறித்து மருத்துவர்களின் கட்டுரைகளைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்