2.70 இல் உள்ள பூச்சியம்

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுகூடக் குறிப்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலுமினிய உருளையின் விட்டம் 1.24 சென்றிமீற்றர், உயரம் 3.56 சென்றிமீற்றர், திணிவு 11.62 கிராம் என்று துப்புரவாக எழுதியிருக்கிறாய். ஆனால் அடர்த்தியை 2.702856 என முடித்திருக்கிறாய். விரிவுரையாளர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டது சரியே.

உன் வேணியர் இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கை, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.1 மில்லிமீற்றர், சென்றிமீற்றரில் 0.01. ஆகவே 1.24 இன் கடைசி 4 ஒரு பிரிவு கூடியோ குறைந்தோ இருந்திருக்கலாம். விட்டத்தை 1.23 ஆக வைத்துக் கணித்துப் பார், அடர்த்தி 2.75 வரும், 1.25 ஆக வைத்தால் 2.66 வரும். இரண்டாம் தசமதானமே இவ்வளவு ஆடும்போது, அதற்குப் பின்னால் நிற்கும் 2856 நீ அளந்து பெற்றதல்ல, கல்குலேற்றர் வகுத்துத் தந்தது. பெருக்கலிலும் வகுத்தலிலும், பொருளுடைய இலக்கங்கள், அதாவது உண்மையில் அளந்து பெற்ற இலக்கங்கள், மிகக் குறைவாக உள்ள அளவீடே விடைக்கு எல்லை. தராசு நான்கு தந்தாலும் இடுக்கிமானி மூன்றுதான் தந்தது. எனவே விடை 2.70. அந்தப் பூச்சியத்தை விட்டுவிடாதே, அதுவும் நீ அளந்து பெற்ற இலக்கம். மாறாக, உயரத்தை மீற்றரில் 0.0356 என்று எழுதும்போது முன்னால் வரும் பூச்சியங்கள் இடத்தை மட்டுமே காட்டுகின்றன. அங்கும் இலக்கம் மூன்றே. கூட்டல், கழித்தலில் மட்டும் தசமதானத்தைப் பார்க்க வேண்டும்.

இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் வாசித்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் என்பதால் இதை வற்புறுத்துகிறேன். குளம் நிரம்பினால் 36 அடி. வாடை வீசும் மார்கழியில் அலை அளவுகோலில் ஏறி இறங்கும். மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து நடுவை எடுத்து, 33 அடி 6 அங்குலம் என்று பதிவோம். அங்குலத்துக்குக் கீழே அந்த அலையில் எதையும் சொல்ல முடியாது. அதை மீற்றருக்கு மாற்றினால் 10.2108 வரும். ஓர் அங்குலம் 2.54 சென்றிமீற்றர் என்பது வரையறை, அதில் ஐயமில்லை. ஐயம் எங்கள் வாசிப்பில்தான். 10.21 என்று எழுதினாலே கடைசி இலக்கம் ஐயத்துக்குரியது, அதற்கு அப்பால் உள்ள 08 குளத்தில் இல்லை. அந்த எண்ணை வைத்தே வான்கதவுகளைத் திறப்பது பற்றித் தீர்மானிக்கிறார்கள். கீழே கண்டாவளைப் பக்கம் சனங்கள் குடியிருக்கிறார்கள். காணாத நுட்பத்தைக் கண்டதாக எழுதினால், தீர்மானிப்பவர் அதை நம்பிவிடுவார்.

கணிப்பின் இடையில் இலக்கங்களை வெட்டாதே. எல்லாவற்றையும் வைத்திருந்து முடிவில் மட்டும் மட்டந்தட்டு. அடுத்த கிழமை கம்பியின் விட்டத்தை நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளக்கப் போவதாகச் சொன்னாய். அது 0.01 மில்லிமீற்றர் வரை காட்டும், வாசிப்பு 0.50 என்று வந்தால் 0.50 என்றே எழுது. திருத்திய கணிப்பை அனுப்பு, பார்க்கிறேன். அம்மா சுகமாக இருக்கிறா.

அன்புடன்,
அப்பா