சாணை பிடித்தவர் முதல் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் வரை: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் இருவரும் ஐஸ் டான்ஸில், அதாவது பனித்தளத்தில் ஸ்கேட் மாட்டி ஜோடியாக ஆடும் போட்டி ஆட்டத்தில், ஜூனியர் பிரிவை முடித்துவிட்டார்கள். வரும் பருவத்திலிருந்து சீனியர். மதிப்பெண் தாளில் அவர்கள் இருவர் பெயருக்கு மட்டும்தான் இடம். அந்தத் தாளில் இடம் கிடைக்காதவர்களுக்கு இந்த மடல்.

'எல்லோருக்கும் மிக்க நன்றி' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அது எங்களுக்குப் போதவில்லை. யார் என்ன செய்தீர்கள், அதைச் செய்யாமல் விட்டிருந்தால் எது கெட்டிருக்கும் என்று சொல்லியே தீர வேண்டும். காரணம், இந்த ஆட்டத்தின் குணம் அப்படி. ஐஸ் டான்ஸில் மூன்று, நான்கு சுற்றுச் சுற்றி இறங்கும் ஜம்ப் கிடையாது. ஜோடியைத் தூக்கி வீசும் த்ரோவும் கிடையாது. தப்பு நடந்தால் பெரும்பாலும் அரங்கத்துக்குத் தெரியாது. கால் அரைத் தாளம் பிந்தும், ஸ்கேட்டின் அடியில் இருக்கும் பிளேடின் ஓரம், அதாவது எட்ஜ், கொஞ்சம் தட்டையாகும், இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழும். மதிப்பெண் கரைவது அங்கேதான். அந்த அரைத் தாளத்தையும் அந்த ஒரு சாண் இடைவெளியையும் காவல் காத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, சாணை பிடிக்கும் அண்ணாவுக்கு. இதில் எங்களுக்குள் விவாதமே நடக்கவில்லை.

ஸ்கேட் பிளேடு சமையல் கத்தி மாதிரி ஒற்றைக் கூர் கொண்டதல்ல. அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்தின் இரண்டு கரைகள்தான் உள் எட்ஜும் வெளி எட்ஜும். பள்ளத்தின் வளைவுக்கு அரை அங்குல ஆரம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. ஆரம் குறைந்தால் பள்ளம் ஆழமாகும், எட்ஜ் கூடுதலாகக் கடிக்கும். கடித்தால் நல்லதுதானே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஆழமாகச் சாய்ந்து போகும்போது நல்லதுதான். ட்விசிலில் அதுவே வினை. ட்விசில் என்றால் ஒற்றைக் காலில் நகர்ந்துகொண்டே விடாமல் சுழல்வது. நகர்வது நின்றுவிட்டால் அது வெறும் பிரூயெட், நின்ற இடத்திலேயே சுழல்வது. சுழற்சியைப் பிடித்துப் பிடித்து விட்டால் வரிசையாக வந்த த்ரீ டர்ன், தனித்தனியான ஒற்றைக் கால் திருப்பங்கள். இரண்டையும் நடுவர்கள் ட்விசில் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறுகிறது. ஒரு கரை மயிரிழை உயர்ந்திருந்தால் உயர்ந்தது கடிக்கும், தாழ்ந்தது வழுக்கும். பிள்ளையோ தன் தோள்தான் பிந்துகிறது என்று நினைத்து, ஒரு வாரம் முழுக்கத் தோளைத் திருத்திக்கொண்டிருக்கும்.

அதனால்தான் நீங்கள் சாணை முடிந்த கையோடு பிளேடைக் கொடுத்துவிடுவதில்லை. தலைகீழாகப் பிடித்து, சின்ன எஃகுப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் மூலைமட்டத்தை ஒட்டி, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பீர்கள். முன்பாதத்துக்கு அடியில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, குதிகாலில் ஒரு முறை. எங்காவது வெளிச்சம் கோடாகக் கசிந்தால் திரும்பவும் கல்லுக்குப் போகும். பிறகு பக்கங்களில் நிற்கும் பிசிரை மெல்லிய கல்லால் எடுத்து, நகத்தின் மேல் எட்ஜை இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் உறையில் போடுவீர்கள். பிளேடின் முன்முனையில் ரம்பம் போலிருக்கும் பற்களில் அடிப் பல்லைத் தொடாமல் விடுவது இன்னொரு பெரிய உபகாரம். அவசரக்காரர் கையில் கொடுத்தால் ஒவ்வொரு சாணையிலும் அந்தப் பல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், நீளவாக்கில் இருக்கும் வளைவும் தட்டையாகும். 7 அல்லது 8 அடி ஆரமுள்ள அந்த வளைவு போனால் பிளேடு திரும்ப மறுக்கும். போன வளைவு திரும்பி வராது. புது பிளேடுதான் வாங்க வேண்டும்.

பனியில் 20 முதல் 40 மணி நேரத்துக்குள் ஒரு சாணை, இருவருக்கும் ஒரே நாளில், போட்டிக்கு ஒரு வாரம் முன்பே என்று நீங்கள் போட்ட ஒழுங்கு இன்றுவரை மாறவில்லை. முதல் நாள் எட்ஜ் கூடுதலாகக் கடிக்கும் என்பதால் போட்டிக்கு முந்தின நாள் கெஞ்சினாலும் தொட மாட்டீர்கள். அந்தப் பிடிவாதத்துக்கும் சேர்த்து நன்றி.

பூட் பொருத்திக் கொடுத்தவருக்கு அடுத்தது. டான்ஸ் பூட்டின் பின்பக்கம் தாழ்வாக வெட்டப்பட்டிருக்கும், பாதத்தை நன்றாக நீட்டுவதற்காக. டான்ஸ் பிளேடின் வாலும் ஏறக்குறைய 2.5 செ.மீ. குட்டை. ஒருவர் காலுக்குள் ஒருவர் கால் வைத்து ஆடும்போது வால் வாலோடு மாட்டக் கூடாதல்லவா? நீங்கள் பிளேடை முதலில் நீள்துளைகளில் மட்டும் தற்காலிகமாகத் திருகிவிட்டு, சில நாள் ஆடிவிட்டு வரச் சொல்வீர்கள். நேராக நின்று ஒற்றைக் காலில் வழுக்கினால் பிளேடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி அனுப்பி, இழுப்பு நின்ற பிறகே நிரந்தரத் திருகு. தோல் அடிப்பகுதிக்கும் திருகுத் துளைகளுக்கும் நீர் புகாத பூச்சு. பூச்சு இல்லாவிட்டால் ஈரம் இறங்கித் துளை இளகும். இளகிய திருகு தன் வேலையை லிஃப்டின் நடுவில்தான், ஜோடியைத் தூக்கி ஆடும்போதுதான், காட்டும். வாரம் ஒருமுறை திருகுப்புளியோடு உட்காரும் பழக்கம் பிள்ளைகளுக்கு உங்களிடமிருந்துதான் வந்தது.

அதிகாலைப் பயிற்சிக்கு முன்னால் ஐஸ் வண்டி ஓட்டுகிறவருக்கு: ஹாக்கி முடிந்த தளத்தை அப்படியே கொடுத்திருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஹாக்கிக்கு −5, −6 டிகிரி செல்சியஸில் கல் மாதிரி பனி வேண்டும். எங்களுக்கு −3, −4. குளிர் கூடினால் பனி நொறுங்கும், ஆழமான எட்ஜ் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு நழுவும். நீங்கள் வெப்பத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்தீர்கள். ஜம்ப் பழகுகிறவர்கள் குத்திய குழிகளைச் சுரண்டிய பனியால் அடைத்துத் தட்டிவிட்டு வெந்நீர் விட்டீர்கள். ட்விசில் வரிசை போகும் பாதையில் ஒரு குழி இருந்தால் போதும், இருவரில் ஒருவர் மட்டும் விழுந்தாலும் 1 புள்ளி போகும், இருவரும் விழுந்தால் 2. தண்ணீர் உறையும்வரை கதவைத் திறக்காமல் நீங்கள் நின்றபோது பிள்ளைகள் முணுமுணுத்தது உண்டு. மன்னித்துவிடுங்கள்.

ஆரம்ப காலத்தில் பேட்டர்ன் டான்ஸ், அதாவது அடிகளும் தடமும் முன்பே வகுக்கப்பட்ட நடனம், சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு என்ன எழுதினாலும் குறைவாகத்தான் தெரியும். போட்டியில் அதற்கென்று இருந்த கட்டாய நடனம் என்ற தனிச் சுற்றே 2010-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பின் இரண்டே சுற்றுகள்தான்; 2018-19 பருவத்திலிருந்து அவற்றின் பெயர் ரிதம் டான்ஸ், ஃப்ரீ டான்ஸ். இனி எதற்கு டச்சு வால்ட்ஸ் என்ற தொடக்க நிலைப் பேட்டர்ன் டான்ஸ் என்று கேட்ட பெற்றோர் பட்டியலில் நாங்களும் உண்டு. நிமிடத்துக்கு 138 தாளம், பெரும்பாலும் முன்னோக்கிய ஓட்டம், பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். நீங்கள் அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். புரோகிரெசிவ் என்ற அடிவைப்பில், தூக்கிய கால் தாங்குகிற காலைக் கடந்து முன்னே போய் இறங்க வேண்டும். பக்கத்தில் இறங்கினால் அது சாஸே. கால் வைக்கும் இடத்தில் அரைப் பாதம்தான் வித்தியாசம், நடனமே வேறாகிவிடும். அந்த அரைப் பாதத்துக்காக நீங்கள் பனியில் முட்டி போட்டு உட்கார்ந்து தடத்தைக் காட்டுவீர்கள்: இதோ இங்கே கோடு முடிகிறது, இதோ இங்கே அடுத்தது தொடங்குகிறது, நடுவில் இந்தக் கீறல் எதற்கு? தடம் பொய் சொல்லாது என்பீர்கள். இன்றைக்கும் பிள்ளைகள் பயிற்சி முடிந்ததும் குனிந்து தங்கள் தடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், வீடியோவை அப்புறம்.

இசை வெட்டித் தந்த தம்பிக்கு. ரிதம் டான்ஸ் 2 நிமிடம் 50 விநாடி. ஜூனியர் ஃப்ரீ டான்ஸ் 3 நிமிடம் 30 விநாடி. இரண்டிலும் 10 விநாடி முன்பின் போகலாம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு 5 விநாடிக்கும் 1 புள்ளி போகும். கணக்கு இசையிலிருந்து தொடங்குவதில்லை, ஆடுகிறவர் அசைந்ததிலிருந்து கடைசியாக அசைவற்று நிற்பது வரை. இதைப் புரிந்துகொண்டு முன்னும் பின்னும் இடம் விட்டு வெட்டியவர் நீங்கள்தான். எட்டு எண்ணிக்கையின் நடுவில் ஒருநாளும் கத்தரி வைக்கவில்லை. ஆர்ஜென்டைன் டாங்கோவுக்கு நிமிடத்துக்கு 96 தாளம் வேண்டும் என்றால், பாட்டை வெறுமனே வேகமாக்காமல் சுருதி மாறாதபடி நீட்டிச் சுருக்கித் தந்தீர்கள். அரங்க ஒலிபெருக்கியில் அடித்தாளம் ஊதிப்போய் மற்றதெல்லாம் மூழ்கும் என்று தெரிந்து, அதைக் குறைத்து இன்னொரு பிரதியும் வைத்திருந்தீர்கள். ஹெட்போனில் கேட்டு 'சப்பென்று இருக்கிறதே' என்று சொன்னவர்கள் அரங்கில் வாயடைத்துப் போனார்கள்.

தையல் அக்காவுக்கு: உடையிலிருந்து ஒரு இறகோ கல்லோ பனியில் விழுந்தால் 1 புள்ளி போகும். அதைவிட, அடுத்து வருகிறவர் பிளேடுக்கு அடியில் அது போனால் என்ன ஆகும் என்பதுதான் பயம். லிஃப்டில் கை படும் இடுப்பு, தொடை, முதுகுப் பகுதிகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அங்கே ஒரு கல்லும் வைக்காமல் விட்டீர்கள். பாவாடையின் வால் பிளேடைச் சுற்றாத நீளம். பையனின் கால்சட்டை மேலேறாமல் பூட்டுக்கு அடியில் போகும் எலாஸ்டிக். அலங்காரம் குறைவு என்று அப்போது எங்களில் ஒருவர் சொன்னது வாபஸ்.

லிஃப்ட் பழக்கிய மாஸ்டரும், தடுப்புச் சுவரோரம் ஸ்டாப்வாட்சோடு நின்ற அத்தையும் ஒரு ஜோடி என்றே எங்களுக்குத் தோன்றும். சின்ன லிஃப்டுக்கு வரம்பு 7 விநாடி, இரண்டைச் சேர்த்த லிஃப்டுக்கு 12 விநாடி. தாண்டினால் 1 புள்ளி போகும். மாஸ்டர் வரிசையை மீற விட்டதில்லை: முதலில் மெத்தை மேல் வெறுங்காலோடு, பிறகு ஷூவோடு, பிறகு உறை மாட்டிய ஸ்கேட்டோடு தரையில், பிறகு பனியில் மெதுவாக, கடைசியில்தான் முழு வேகம். தூக்குகிறவர் முழங்காலை மடக்காமல் இடுப்பில் குனிந்தால் முதுகு போகும். தூக்கப்படுகிறவர் வயிற்றைத் தளர்த்தினால் அதே எடை இரண்டு மடங்காகக் கனக்கும். அவள் சும்மா தொங்குவதாக நினைக்கிறவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். அத்தை 7 விநாடிக்கு 6-இலேயே 'இறக்கு' என்று குரல் கொடுப்பார். போட்டி நாளில் நுழையும் வேகம் குறைந்து சுழற்சி இழுத்துக்கொண்டு போகும், அந்த ஒரு விநாடி அப்போது செலவாகிவிடும் என்பது அவர் கணக்கு. தவறாத கணக்கு.

பிசியோதெரபி டாக்டருக்கு: கணுக்காலின் முன்புறம் பூட் கயிறு அழுத்தித் தசைநார் வீங்கினால் ஓய்வு மட்டும் போதாது, கயிற்றுக்கு அடியில் இருக்கும் பூட் நாக்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னது நீங்கள். வளர்ச்சி வேகமெடுத்த மாதங்களில் லிஃப்டுகளைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சியாளரோடு வாதாடியதும் நீங்கள்.

இதற்கு முன் இருவரோடும் ஜோடியாக ஆடிப் பிரிந்த பிள்ளைகளுக்கும் நன்றி. கை கோத்து ஆடுவது உங்களோடுதான் பழகியது. பிரிவு யாருக்கும் சுலபமாக இருக்கவில்லை என்று தெரியும், இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சீனியருக்கான குறைந்தபட்ச வயதை 17 ஆக உயர்த்தச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தினர் 2022-இல் முடிவெடுத்து, 2024-25 பருவத்தில் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் ஜூனியரில் கழிக்கும் ஆண்டுகள் நீண்டன, உங்கள் விடிகாலைகளும் நீண்டன. இனி ஃப்ரீ டான்ஸ் 4 நிமிடம். தம்பி, அரை நிமிடம் கூடுதலாக வேண்டும், எட்டு எண்ணிக்கை கெடாமல். அண்ணா, புது பிளேடுகள் வந்துவிட்டன, கடையில் வந்தபடியே இருக்கின்றன, முதல் சாணை உங்கள் கையால்தான். பழைய இரண்டு ஜோடியிலும் குரோம் பூச்சு தொடங்கும் கோட்டுக்குக் கீழே இன்னும் ஒரு பருவத்துக்குத் தேய்க்க இரும்பு இருக்கிறது. அடிப் பல் முழுசாக இருக்கிறது. இப்போது டச்சு வால்ட்ஸ் பழகும் பிள்ளைகளில் யாருக்கு அளவு சரியாக வரும் என்று டீச்சர் சொன்னால், துடைத்து உறை போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
இரு வீட்டாரும் பயிற்சியாளர்களும்